காஞ்சனபுரியில் கடைசி மார்ச்

தாய்லாந்தில் பாடம் நடத்த வரும் வெளிநாட்டுக்காரருக்கு வேலை முடியும் தேதியும் நாட்டில் இருக்கும் உரிமை முடியும் தேதியும் ஒன்றுதான். மார்ச் 31 அன்று ஒப்பந்தம் முடிகிறது என்றால் தங்கும் அனுமதியும் அன்றோடு சரி. பள்ளிக்கூடம் ஒரு கடிதம் தரும். அதை எடுத்துக்கொண்டு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனால் பாஸ்போர்ட்டில் ரத்து முத்திரை குத்துவார்கள். அன்றைக்கே கிளம்ப முடியாதவர்கள் 1,900 பாட் கட்டி ஏழு நாள் வாங்கிக்கொள்ளலாம். அதையும் தாண்டினால் நாளொன்றுக்கு 500 பாட் அபராதம். முந்தின நாள் வரை தெருவில் போனால் நான்கு பேராவது கைகூப்பி வணக்கம் சொல்வார்கள். மறுநாள் முதல் நாமும் கேமரா மாட்டிக்கொண்டு வரும் சுற்றுலாப் பயணிகளில் ஒருவர்.

காஞ்சனபுரிப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இப்போது அந்த மார்ச் நடக்கிறது. தேர்வுகள் முடிந்துவிட்டன, பிள்ளைகள் வருவதில்லை. ஆனாலும் காலை ஏழரைக்குள் போய்க் கையெழுத்துப் போட்டாக வேண்டும், மாலை நாலரை வரை மேசையில் உட்கார வேண்டும். இங்குள்ள வெளிநாட்டு ஆசிரியர்கள் இதை டெஸ்க் வார்மிங் என்பார்கள். நாற்காலிக்கும் எனக்கும் இடையில் பெரிதாகப் பேச்சுவார்த்தை எதுவும் இல்லாததால், இதை எழுதுகிறேன்.

"ஒரு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக் காசு சேர்த்துவிட்டு அப்புறம் ஊர் சுற்றப் போகிறாயாமே, கொடுத்து வைத்தவன்" என்று நண்பர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது வெள்ளைக்கார இளைஞர்களின் கதை. பட்டம் வாங்கிய கையோடு ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணி நேர டெஃபல் சான்றிதழ் ஒன்றை இணையத்திலேயே முடிப்பார்கள், ஏதாவது ஓர் ஆசிய நாட்டில் ஒரு வருஷம் பாடம் நடத்துவார்கள், பிறகு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு இது படிப்புக்கும் வாழ்க்கைக்கும் நடுவே வரும் இடைவேளை. தப்பில்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கதவு வேறு மாதிரித் திறக்கிறது.

வேலை விளம்பரத்திலேயே என்.இ.எஸ். என்று மூன்று எழுத்து இருக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் நாட்டுக்காரர் என்று அர்த்தம். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா மாதிரி சில நாடுகளின் பாஸ்போர்ட் இருந்தால் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடலாம். பேசும் ஆங்கிலம் எப்படி இருக்கிறது என்பது பிறகுதான். அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் ஆங்கிலத் தேர்வு எழுதி மதிப்பெண் சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சில விளம்பரங்களில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் பக்கத்துப் பக்கத்தில் கூச்சமே இல்லாமல் அச்சாகியிருக்கும். எனக்குக் கிடைத்தது இரண்டாவது. அதுவும் ஏஜென்சி மூலமாக வந்ததால் பத்து மாதச் சம்பளம்தான். அக்டோபர் விடுமுறைக்கும் ஏப்ரலுக்கும் ஒன்றும் கிடையாது என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. இந்த இரண்டாவது வரிசையில் மிகுதியாக இருப்பவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள். பல பள்ளிகளில் வகுப்பறையைத் தினமும் தாங்கிப் பிடிப்பவர்கள் அவர்கள்தான், விளம்பரப் பலகையில் படம் வருவது மட்டும் வேறு ஆளுடையது.

இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. இந்த ஒரு வருஷத்தில் எனக்கு உறுதியாகிப்போன விஷயம் இதற்கு நேர் எதிரானது. ஆங்கிலத்தைக் கஷ்டப்பட்டுக் கற்றவன்தான் அதைக் கற்றுக்கொடுக்கத் தோதான ஆள். பிறக்கும்போதே அது வாய்த்தவருக்கு எந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது என்று தெரியாது. அவர் அதில் விழுந்ததே இல்லை.

உதாரணமாக உச்சரிப்பு. தாய்லாந்து மொழியில் சொல்லின் முடிவில் வரக்கூடிய மெய்யொலிகள் மிகக் குறைவு, வருவதும் முழுசாக வெளியே வராது, பாதியில் அடைத்துக்கொள்ளும். ல் என்று முடிய வேண்டியது ன் ஆகிவிடும். அதனால் ஸ்கூல் 'சகூன்' ஆகும், ஃபுட்பால் 'ஃபுட்பொன்' ஆகும். ரைஸ், ரைட், ரைட்ஸ் எல்லாம் ஒரே மாதிரி கேட்கும். முதல் மாதம் எனக்கு யார் என்ன சொல்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. பிறகு பார்த்தால் இது நம் வீட்டுக் கதைதான், திசைதான் வேறு. தமிழ் நாக்குக்கு ஸ்கூல் என்று தொடங்கக் கூச்சம், முன்னால் ஓர் இகரம் வைத்து இஸ்கூல் என்போம். பஸ் என்று நிறுத்தவும் மனசு வராது, பின்னால் ஓர் உகரம் சேர்த்து பஸ்ஸு என்போம். நாம் முன்னும் பின்னும் ஒட்டுப்போடுகிறோம், இவர்கள் நடுவில் ஓர் உயிரைச் செருகிக் கடைசியை விழுங்குகிறார்கள். எனக்கு அந்த ஒட்டு எப்படிக் கழன்றது என்று நினைவிருந்தது. அதே வழியில் போனேன். கடைசி எழுத்தில் வாயை மூடாமல் காற்றைக் கையில் ஊதச் சொல்வது. உள்ளங்கையில் காற்று பட்டால் பாஸ். நாற்பது பேர் வகுப்பில் நாற்பது பேரும் உள்ளங்கையில் ஊதிக்கொண்டிருந்ததைப் பார்த்த பக்கத்து வகுப்பு அறிவியல் ஆசிரியை, உள்ளே எட்டிப் பார்த்து ஏதோ கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

இலக்கணத்திலும் அப்படியே. நமக்கு வினைச்சொல் கடைசியில் வரும். அதை இழுத்துவந்து நடுவில் போடவே ஆங்கிலத்தில் நமக்குப் பாதிப் பள்ளிக்காலம் போய்விடுகிறது. தாய்லாந்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டமே இல்லை, அவர்கள் மொழியிலும் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்றுதான் வரிசை. அதற்குப் பதிலாக வேறு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். தாய்லாந்து மொழியில் பெயர் முதலில், அடைமொழி பிறகு. ஆகவே 'ரெட் கார்' எப்போதும் 'கார் ரெட்'தான். வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறுவதும் அங்கே கிடையாது, நேற்று, நாளை என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் முடிந்தது. 'யெஸ்டர்டே ஐ கோ மார்க்கெட்' என்று ஒரு பெண் சொல்லும்போது அவள் கணக்கில் தவறே இல்லை. அதான் யெஸ்டர்டே என்று சொல்லிவிட்டாளே, இன்னும் என்ன வேண்டும்?

'தி' என்கிற அந்தச் சின்னச் சொல் மட்டும் எங்கள் இரு தரப்புக்கும் பொது எதிரி. அவர்கள் மொழியிலும் இல்லை, நம் மொழியிலும் இல்லை. பாடப்புத்தகத்தில் அதற்கு விதிகள் இருக்கின்றன. நான் அவற்றைச் சொல்லித்தரவில்லை. வகுப்பில் ஒரு பூனை வந்தது, 'எ கேட்'. அது மறுபடியும் வந்தது, 'தி கேட்'. பள்ளிக்கூடத்தில் பூனைக்கும் நாய்க்கும் பஞ்சமில்லை என்பதால் பாடம் தானாக நடந்தது.

என் வகுப்புகளில் வேகமாகப் பேசப் பழகியவர்கள் யார் என்றால் மோன், கரேன் இனத்து வீட்டுப் பிள்ளைகள். காஞ்சனபுரி மியான்மர் எல்லையை ஒட்டிய மாகாணம். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் தாய்லாந்து மொழி, அப்புறம் ஆங்கிலம் என்று அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே ஒரு தடவை மொழி தாண்டியவர்கள். தப்பாகப் பேசினால் வானம் இடிந்துவிடாது என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். மற்றவர்களிடம் இருந்த பெரிய தடை இலக்கணம் அல்ல, வெட்கம்தான்.

இதில் எனக்கு நேர்ந்த பக்கவிளைவையும் சொல்லிவிடுகிறேன். என் ஆங்கிலம் மெலிந்துவிட்டது. வாக்கியத்துக்கு ஐந்து சொல், சொல்லுக்குச் சொல் ஒரு நிறுத்தம், கூடவே கை சைகை. மாதக் கணக்கில் இப்படிப் பேசியதில், வீட்டுக்கு போன் செய்தால் அக்கா, "ஏன்டா இப்படி நிறுத்தி நிறுத்திப் பேசுறே, உடம்பு சரியில்லையா?" என்கிறாள். தமிழுக்கும் தொற்றிவிட்டது.

இங்கே கல்வியாண்டு மே நடுவில் தொடங்கும். நான் சேர்ந்த சில வாரங்களில், ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், வாய் க்ரு என்ற ஆசிரியர் வணக்க விழா வந்தது. வியாழன் இங்கேயும் குருவுக்குரிய நாள். மாணவர்கள் முழங்காலில் நடந்து வந்து ஆசிரியர்களுக்குப் பூத்தட்டு கொடுப்பார்கள். தட்டில் என்ன வைக்க வேண்டும் என்று மரபு இருக்கிறது: இட்லிப்பூ, அருகம்புல், கத்தரிப்பூ, நெல்பொரி. என் முன்னால் வந்த தட்டில் அருகம்புல்லைப் பார்த்ததும் பிள்ளையார் ஞாபகம் வந்து சிரிப்பை அடக்கப் பாடுபட்டேன். பக்கத்திலிருந்த மூத்த ஆசிரியை, நாங்கள் எல்லோரும் அக்கா என்கிற மரியாதையோடு 'பீ' என்று அழைப்பவர், பிறகு விளக்கினார். இட்லிப்பூ மொட்டு ஊசி மாதிரி கூர்மை, அப்படி அறிவு வேண்டும். அருகம்புல் மிதித்தாலும் படரும், அப்படிப் படிப்பு வளர வேண்டும். கத்தரிப்பூ காய்க்கப்போகும்போது தலை கவிழும், அப்படிப் பணிவு வேண்டும். நெல்பொரி கட்டுப்பாட்டுக்கு. "ஆசிரியருக்குக் கத்தரிப்பூ உண்டா, பீ?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என் தட்டைச் சரியாகப் பிடிக்கச் சொன்னார்.

அந்த மரியாதைக்கெல்லாம் மறுபக்கம் வருஷக் கடைசியில் வரும். மதிப்பெண் நாலிலிருந்து பூஜ்யம் வரை. ஆனால் பூஜ்யம் வாங்கிய பிள்ளை அப்படியே நிற்க முடியாது. அதைச் சரிசெய்ய ஆசிரியர் ஏதாவது வேலை கொடுத்து, செய்து வந்ததும் மாற்றிவிட வேண்டும். வகுப்புக்கு 80 சதவீதம்கூட வராதவர்களுக்கும், கொடுத்த வேலைகளை முடிக்காதவர்களுக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு, அவற்றையும் நீக்கித்தர வேண்டும். ஆகவே பிப்ரவரி கடைசியிலிருந்து ஆசிரியர் அறை வாசலில் செருப்புகள் குவியும். ஆண்டு முழுக்கக் கண்ணில் படாத முகங்கள் குனிந்து வளைந்து உள்ளே வரும். "டீச்சர், ஸீரோ" என்று கை கூப்பும். பாடப்புத்தகத்தில் இருபது பக்கம் பார்த்து எழுதச் சொல்வது பல ஆசிரியர்கள் செய்வது. பார்த்து எழுதினால் கை வலிக்கும், வேறு எதுவும் நடக்காது. நான் எழுத்து வேலை கொடுக்கவில்லை. ஐந்து நிமிஷம் உட்கார்ந்து உங்கள் வீட்டைப் பற்றி என்னோடு ஆங்கிலத்தில் பேசு, அவ்வளவுதான் என்றேன். எல்லோரும் முகம் வெளுத்துப் போனார்கள். இருபது பக்கமே பரவாயில்லை என்று பேரம் பேசியவர்களும் உண்டு.

தாய்லாந்துப் பிள்ளைகளுக்குப் பிறந்ததும் ஒரு செல்லப்பெயர் வைப்பார்கள், பள்ளியிலும் அதுதான் புழங்கும், அதில் பாதி ஆங்கிலச் சொற்கள். என் வகுப்பில் ஐஸ், கோல்ஃப், மிண்ட், கேம் எல்லோரும் இருந்தார்கள். பேங்க் என்று ஒருவன். கடைசி வரிசை, தூக்கம், வாராவாரம் சாரணர் சீருடை நாளன்று மட்டும் சுறுசுறுப்பு. பூஜ்யத்தைச் சரிசெய்ய வந்து உட்கார்ந்தவன் ஒரு நிமிஷம் மேசையைப் பார்த்தான். பிறகு, "மை ஃபாதர் ஹேவ் கார் ஓல்ட்" என்று தொடங்கினான். கார் என்றது பிக்கப் வண்டியை. மரவள்ளிக் கிழங்கு அறுவடை நேரத்தில் விடிவதற்கு முன்பே அப்பாவோடு எழுந்து அந்த வண்டியில் கிழங்கு ஏற்றப் போவானாம். வண்டி மேட்டில் ஏறாது, இவன் இறங்கித் தள்ள வேண்டும். 'தள்ள' என்பதற்குச் சொல் தெரியாமல் எழுந்து நின்று என் மேசையைத் தள்ளிக் காட்டினான். தேநீர்க் கோப்பை சாய்ந்தது. "புஷ்" என்றேன். "எவ்ரிடே ஐ புஷ்ஷ்" என்றான், ஷ் முழுசாக, உள்ளங்கையில் காற்று படும்படி. ஏன் வகுப்பில் தூங்கினான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நேரம் முடிந்தது என்று சொல்லியும் எழுந்திருக்காமல் வண்டியின் கியரைப் பற்றி விளக்கிக்கொண்டே இருந்தான்.

இறுதி வகுப்புக்காரர்களுக்குத் தனியாக விடைபெறும் விழா நடக்கும். வெள்ளைச் சீருடைச் சட்டை முழுக்க ஒருவருக்கொருவர் மார்க்கரில் எழுதிக்கொள்வார்கள், அந்தச் சட்டையை இனி யாரும் துவைக்கப் போவதில்லை. அப்புறம் ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டிலும் வெள்ளை நூல் கட்டி வாழ்த்த வேண்டும். கட்டும்போது வாழ்த்து சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. இரு பக்கமும் ஆசிரியைகள் நீளமாக, ராகமாக ஏதேதோ சொல்லிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த தாய்லாந்து மொழி, கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் போதும், ஆசீர்வாதத்துக்குக் காணாது. ஆங்கிலத்தில் சொல்ல வாய் வரவில்லை. "நல்லா இரு" என்று சொல்லிக் கட்டினேன். அடுத்த கைக்கும் அதுவே. வரிசை பாதி தாண்டும்போது முன்னால் நின்ற பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. நூல் முடிச்சு விழுவதற்குள் அவர்களே, "நன்-லா இ-லூ" என்று எனக்குத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோரும் சிரித்தோம். பாடம் நடத்திய வருஷம் எனக்கு அங்கேயே முடிந்துவிட்டது, மிச்சமெல்லாம் காகித வேலைதான்.

அந்தக் காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும். வரிசை முக்கியம். முதலில் மோட்டார் சைக்கிளை விற்க வேண்டும். அதன் பச்சைப் பதிவுப் புத்தகத்தைப் பெயர் மாற்ற பாஸ்போர்ட் நகல்கள் கேட்பார்கள், விசா உயிரோடு இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. வீட்டுக்காரரிடமிருந்து முன்பணம் வாங்குவது அடுத்தது. சாவியைக் கொடுப்பதற்கு முன் மின்சார மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கிச் செயலி தாய்லாந்து சிம்மோடு கட்டப்பட்டது, சிம் செத்தால் கணக்கும் கைக்கு எட்டாது. வேலை அனுமதிப் புத்தகம், என்னுடையது பழைய நீல நிறத்தது, பள்ளியிடம் திரும்பப் போகும். ஆசிரியர்களுக்கு அனுமதி தரும் குருசபா அமைப்பிடமிருந்து பள்ளி எனக்காக வாங்கிய தற்காலிக அனுமதி இரண்டு வருஷத்துக்கானது, அதில் பாதி அப்படியே மிச்சம் நிற்கிறது. அதிகாரி ஒருவர், "இன்னொரு வருஷம் இருக்கிறதே, ஏன் போகிறீர்கள்?" என்று கேட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருப்பிடம் தெரிவிக்கும் டி.எம்.47 படிவத்தை இனி நிரப்ப வேண்டாம் என்பதில் மட்டும் எனக்கு முழு மகிழ்ச்சி.

இனிப் பயணம். பெரும்பாலோர் வடக்கே போகச் சொன்னார்கள், சியாங் மாய், அப்படியே லாவோஸ். மார்ச்சிலும் ஏப்ரலிலும் வடக்கில் வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை மலைகளை மூடியிருக்கும், மூச்சு விடுவதே சிரமம். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு, அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ரயிலில் இடம் கிடைக்காது. இவை நான் மற்றவர்களுக்குச் சொல்லும் காரணங்கள். உண்மையான காரணம் ரயில் பாதை.

என் பள்ளிக்குப் பின்னால் போவது நாம் டோக் பாதை. பிள்ளைகளில் சிலர் அதில்தான் வருவார்கள். நாளுக்கு இரண்டு மூன்று வண்டி, ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கும், மரப்பலகை இருக்கை. உலகம் மரண ரயில் பாதை என்று அறிவதில் இன்றும் வண்டி ஓடுகிற பகுதி இது. முழுப் பாதை தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியுசாயத் வரை 415 கிலோமீட்டர், ஜப்பானியப் படை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. அதில் வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகளில் இறந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். நகரத்தில் அவர்களுக்கு அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது, கிட்டத்தட்ட 7,000 கற்கள், பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்து, புல் வெட்டி, பூச்செடி வைத்து. ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு செத்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள் அதில் பெரும் கூட்டம். சம்பளம், அரிசி என்று ஆசை காட்டி அழைத்தும், வழியில் மறித்துப் பிடித்தும் சரக்குப் பெட்டிகளில் ஏற்றினார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் முகாம் முகாமாகத் தின்றன. அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வாட் தாவோர்ன் கோயிலில் பெயர் தெரியாத தொழிலாளர்களின் எலும்புகளுக்கு மேல் ஒரு தூபி இருக்கிறது. அங்கே தமிழர்களுக்கென்று ஒரு நடுகல்லை வைத்ததும் மிகச் சமீபத்தில்தான்.

சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் க்வாய் நதிப் பாலத்தில் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் ஓடிய ஆற்றுக்கு மே குளோங் என்றுதான் பெயர். அந்தப் பாலத்தைப் பற்றிய ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு வெளிநாட்டினர் க்வாய் எங்கே என்று கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்ததும், 1960 வாக்கில் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள். கேட்டு வருபவர் யார் என்பதைப் பொறுத்து ஆறுகூடப் பெயர் மாறும் போலிருக்கிறது. தோட்டத்துத் தமிழனைக் கேட்டுக்கொண்டு அந்த நாளில் இங்கே யாரும் வரவில்லை.

ஒரு வருஷம் அந்தப் பாதையோரம் இருந்துவிட்டு, அவர்கள் எங்கிருந்து புறப்பட்டார்களோ அங்கே போகாமல் வேறு பக்கம் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர்களை ஏற்றிவந்த தடத்திலேயே எதிர்த்திசையில் போகிறேன். நகோன் பதோமில் இரவு வண்டியில் ஏறினால் நோங் பிளாடுக், பான் போங் எல்லாம் இருட்டுவதற்குள் கடந்துவிடும். பான் போங்கில்தான் அவர்களை இறக்கிக் காட்டுப் பாதையில் நடக்கவிட்டார்கள். எனக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்திருக்கிறது, மேல்படுக்கையைவிட அகலம், ஜன்னலும் உண்டு. விடிந்தால் ஹாட் யாய், அப்புறம் எல்லை நிலையமான பாடாங் பெசார். தாய்லாந்து முத்திரையும் மலேசிய முத்திரையும் ஒரே கட்டடத்துக்குள் முடிந்துவிடும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்து, வேறு வண்டியில் பட்டர்வொர்த், அங்கிருந்து படகில் பினாங்கு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியா இப்போது விசா இல்லாமல் 30 நாள் தருகிறது, வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் ஓர் அட்டை நிரப்பினால் போதும். கெடாவிலும் பேராக்கிலும் பழைய தோட்டங்கள் பக்கம் சில நாள் சுற்ற வேண்டும். ஆட்கள் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடம் என்ன கேட்பேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்கு அப்பால் மலாக்காவிலிருந்து கப்பலில் சுமத்ரா போகும் யோசனையும் இருக்கிறது. சிங்கப்பூருக்கு விசா எடுக்க வேண்டும், அதனால் அது கடைசிக்குத் தள்ளிப்போய்விட்டது.

சேமிப்பு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: இரண்டாவது வரிசைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது, ரயிலில் போனால் சில மாதம் வரும், விமானத்தில் போனால் வராது. அதனாலும் ரயில்தான்.

எனக்குப் பிறகு மே மாதம் வருபவர் பிலிப்பைன்ஸ்காரர் என்று கேள்வி. அவருக்காக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். யார் யாருக்கு எந்தச் செல்லப்பெயர், எந்த வகுப்பில் மின்விசிறி மூன்றாவது வேகத்தில் சத்தம் போடும், பேங்க் தூங்கினால் எழுப்ப வேண்டாம், பிக்கப் வண்டியைப் பற்றிக் கேட்டால் போதும் என்று. பூனையைப் பற்றியும் எழுதியிருக்கிறேன்.

நேற்று பூஜ்யத்தைச் சரிசெய்ய வந்த கடைசிக் கூட்டம் மூன்று பெண்கள். வேலை முடிந்தும் போகாமல் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் நான் போகும் வழியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பினாங்கில் என்ன மொழி பேசுவார்கள் என்று மிண்ட் கேட்டாள். மலாய், சீனம், ஆங்கிலம், என் மொழியும் பேசுவார்கள் என்றேன். அப்படியானால் டீச்சருக்கு அங்கே பேச்சுத்துணைக்குக் கவலையில்லை என்று மூவருக்கும் நிம்மதி. ஆனால் மிண்டுக்கு ஏதோ சந்தேகம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி, சொற்களுக்கு நடுவே நான் விடும் அதே நிறுத்தங்களோடு சொன்னாள்: "டீச்சர். ஸ்பீக். வெரி. ஸ்லோ. ஓகே? பீப்பிள் அண்டர்ஸ்டாண்ட்."

சரி என்றேன்.